பேர் நிற்கும்வரை வீடு: மலைத்தோட்டத்துத் தாய் குறித்துச் சில குறிப்புகள்

பந்தலூரிலிருந்து அம்மா போனில் பேசினால் முதலில் மழையைப் பற்றிச் சொல்வாள். அடுத்து வீட்டைப் பற்றிக் கேட்பாள். "தங்கச்சி பேரு இன்னும் எத்தன வருசம் நிக்கும் தம்பி?" இந்த வாக்கியத்தைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, தமிழிலிருந்து தமிழுக்கே. இங்கே 'பேர்' என்பது தோட்ட ஆபீசில் 'செக்ரோல்' எனப்படும் பேரேட்டில் உள்ள ஒரு வரி. பேர் பதிவது, பேர் நிற்பது, பேர் வெட்டுவது, பேர் மாற்றுவது என்று அந்த ஒரு வரியைச் சுற்றி எங்கள் மக்களிடம் வினைச்சொற்கள் நிறைய உண்டு. பேர் பதிந்தால் வீடு. பேர் வெட்டினால் வீடு இல்லை. அம்மாவின் பேர் 2008-இல் வெட்டப்பட்டது. அதே வீட்டில் தங்கச்சியின் பேர் பதிந்தது. தங்கச்சிக்கும் ஓய்வு வயது வர இனி அதிக வருஷங்கள் இல்லை. அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அம்மாவின் கேள்விக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கை வயதான ஒருத்தியின் கவலையாக மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் ஒளிந்திருக்கும் வரலாற்றைத் தவறவிட்டுவிடுவோம். தாய்ப்பாசம், பிள்ளைக் கடமை, குடும்ப ஒட்டுறவு என்று நாம் இயல்பானவையாகக் கருதிப் பேசும் பலவற்றையும் ஒரு குடியிருப்பு முறை உள்ளிருந்து வடிவமைத்திருக்கிறது என்பதையும், அந்த முறை பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமத்திலிருந்து மலைக்கு ஏறி வந்தது என்பதையும் எனக்குத் தெரிந்த ஒரு காம்பராவை வைத்து விளக்கிப் பார்க்கிறேன். என் அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். எந்தத் தோட்டமானாலும் பேரேடு ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

முதலில் அந்த வீட்டைக் குறிக்கும் சொற்கள். இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அது 'லயம்'. வரிசை என்று பொருள்படும் லைன் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. குதிரை கட்டும் லாயத்தோடு ஒலியில் அது நெருங்கிவிட்டது தற்செயல்தான், ஆனாலும் அம்மா இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கிறாள். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அறை 'காம்பரா', இது போர்த்துக்கீசியம். அறைக்கு முன்னால் அடுப்பும் விறகும் விருந்தாளியும் இருக்கிற ஒடுங்கிய தாழ்வாரம் 'இஸ்தோப்பு', இது டச்சு. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்துக்கு மூன்று காலனி ஆட்சிகளும் ஆளுக்கொரு சொல் கொடுத்திருக்கின்றன. 'வீடு' என்ற தமிழ்ச்சொல்லை எங்கள் ஆட்கள் பேச்சில் எல்லாம் பயன்படுத்துகிறார்கள்தான். ஆனால் ஆபீசில் போய்க் கேட்கும்போது யாரும் வீடு கேட்பதில்லை, 'காம்பரா' கேட்கிறார்கள்.

பந்தலூர்ப் பக்கத்தில், அப்படியே எல்லை தாண்டி வயநாட்டிலும், இந்த வரிசை வீடுகளுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது: 'பாடி'. இந்த மண்ணின் பழைய குடிகளான பணியர்களின் குடியிருப்புக்கும் பாடி என்றே பெயர். பழைய தமிழில் பாடி என்றால் ஊர், சேரி. ஆயர்பாடி நினைவுக்கு வரும். 'பாடிவீடு' என்றாலோ படை போகிற வழியில் போட்டுத் தங்கும் பாசறை. போர் முடிந்தால் பாசறையைக் கலைத்துவிடுவார்கள். சொல்லாராய்ச்சியில் இதற்கு மேல் போக எனக்குத் தகுதியில்லை. ஊர், பாசறை என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடப்பதையும், தோட்ட நிர்வாகம் அதில் இரண்டாவது பொருளிலும் அங்கே ஐம்பது வருஷம் குடியிருந்தவள் முதல் பொருளிலும் அதைப் புரிந்துகொள்வதையும் மட்டும் சுட்டிவிட்டுப் போகிறேன்.

இனி கிராமத்துக்கு வருகிறேன். மலைத்தோட்டங்களின் அவலத்தைப் பேசும் எழுத்துகளில் ஒரு பழக்கம் உண்டு. கிராமத்தில் சொந்தக் குடிசையும் உறவும் இருந்ததுபோலவும், அதைக் கங்காணி ஏமாற்றிப் பறித்துக்கொண்டு போனதுபோலவும் கதை தொடங்கும். கங்காணி ஏமாற்றினான் என்பது உண்மை. ஆனால் சொந்தக் குடிசை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கிராமங்களின் நிலமற்ற கூலிகள், முக்கியமாகப் பறையரும் பள்ளரும், பெரும்பாலும் மிராசுதாருக்கோ பெரிய பட்டாதாருக்கோ உரிய மனையில்தான் குடிசை போட்டிருந்தார்கள். கீற்றும் சுவரும் அவர்களுடையது, தரை அவர்களுடையது அல்ல. 1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையை இன்று நாம் பஞ்சமி நிலத்தை முன்னிட்டே நினைவுகூர்கிறோம். அந்த அறிக்கை குடியிருப்பு மனைப் பிரச்சினையையும் அதே அழுத்தத்தோடு பேசியது. மனையை விட்டு எழுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் ஒன்றே கூலியை அடக்கிவைக்கப் போதுமானதாக இருந்தது என்பதை அவர் கண்டிருந்தார். கண்டியின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போனது செங்கல்பட்டிலிருந்து என்பதைவிடத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்துதான். நில உரிமை முறை ஜில்லாவுக்கு ஜில்லா மாறியது. மனைக்கும் உழைப்புக்கும் இருந்த முடிச்சு அநேகமாக எல்லா இடத்திலும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்த ஒரு கதை உண்டு. இதை ஆவணமாக நான் முன்வைக்கவில்லை, அம்மா சொல்லக் கேட்டது. அம்மாவின் பாட்டிக்கும் முந்தைய ஒருத்தி, துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பண்ணையின் மனையில் இருந்தவள், புருஷன் இல்லாதவள். மூத்த மகன் கங்காணியோடு கிளம்பினான். அவள் கூடப் போக விரும்பினாள். கங்காணி, கிழவி வேலைக்கு ஆகமாட்டாள் என்று விட்டுவிட்டான். பண்ணையார் அவள் குடிசைக்கு வந்து, ஆள் போனால் மனையைக் காலி பண்ணு என்றாராம். அவள் இரண்டாவது மகனை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனை, பண்ணையில் விட்டாள். குடிசை தங்கியது. அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது பண்ணையாரைத் திட்டுவதில்லை. "ஒரு புள்ளயக் குடுத்து வீட்ட வச்சிக்கிட்டா" என்று ஒரு வியாபாரத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். அதில் பாராட்டும் இருக்கும்.

காப்பிக் காலத்தில் பெரும்பாலான தாய்மார்களின் நிலை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1830களுக்குப் பிறகு இலங்கையில் விரிந்த காப்பி, பருவத்துக்கு ஆள் கேட்கும் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆண்கள் கூட்டங்கூட்டமாகப் போய், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து, வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பலர் செத்து, மிஞ்சியவர்கள் வேலை முடிந்ததும் திரும்பினார்கள். பெண்கள் குறைவு, கிழவிகள் அதைவிடக் குறைவு. தோட்டம் எடுத்துக்கொண்டது வேலை செய்யும் வயதை மட்டும். பிள்ளை வளர்ப்பதும் முதியவரைக் காப்பதும் கிராமத்தின் செலவு. பிரெஞ்சு மானிடவியலாளர் குளோத் மெய்யாசூ 1975-இல் ஆப்பிரிக்காவை வைத்து எழுதிய நூலில் விளக்கியது இதைத்தான். முதலாளியம் மலிவான கூலியைப் பெறுவதற்காகக் குடும்ப உற்பத்தியை முழுதாக அழிக்காமல் அரைகுறையாக உயிரோடு வைத்திருக்கிறது, கூலியின் குழந்தைப் பருவத்துக்கும் முதுமைக்கும் ஆகும் செலவை அதன் தலையில் கட்டிவிடுகிறது என்பது அவருடைய வாதம். காப்பித் தோட்டத்துக் கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருக்க முடிந்தது என்றால், கூலியைப் பெற்றவளுக்கு அதில் பங்கு கணக்கிடப்படவில்லை.

தேயிலை இதை மாற்றியது. 1869-இல் இலங்கையில் தென்பட்ட இலைநோய் பத்துப் பதினைந்து வருஷங்களில் காப்பியைத் தின்றது. அதன் இடத்தில் வந்த தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் என்றால் குடும்பம். லயம் நிரந்தரமானது அப்போதுதான். ஆணையும் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனிக் கூலிகளாகப் பேரேட்டில் எழுதி, எல்லாரையும் ஒரே காம்பராவில் வைப்பது. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கப்போகிறவள் அங்கேயே கிழவியும் ஆவாள் என்பதை அந்த ஏற்பாடு கணக்கில் எடுக்கவில்லை. கிழவிக்கு அதில் இடம் போடவே இல்லை. முதுமையைத் தாங்குவது கிராமம் என்ற காப்பிக் காலத்து அனுமானத்தைத் தேயிலை அப்படியே சுமந்து வந்தது. இதற்கிடையில் மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தாங்குவதற்குக் கிராமமே இல்லாமல் போய்விட்டது.

நீலகிரியின் இந்த மேற்குக் கோடிக்கும் தனிக்கதை உண்டு. பந்தலூர் 1877 வரை மலபாரோடு சேர்ந்த தென்கிழக்கு வயநாட்டில் இருந்தது. காப்பிக்குப் பிறகு இங்கே வந்தது தங்க வெறி. 1879 தொடங்கி இரண்டு மூன்று வருஷங்களுக்கு, பந்தலூரையும் தேவாலாவையும் சுற்றிய காடுகளில் தங்கம் எடுக்கப் போவதாக லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. 1882-க்குள் குமிழ் உடைந்துவிட்டது. துரைகளுக்குக் கட்டிய பங்களாக்கள் பலவற்றைக் காடு மூடியது. இந்தக் களேபரம் எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே இங்கே இருந்த பணியர்கள், நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டவர்கள். மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஜென்மிகள் முன்பணம் கொடுத்து அவர்களை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் எந்த ஜென்மியிடம் வேலையோ அவன் நிலத்தோரத்தில் குடிசை. நாங்கள் எங்கிருந்தோ வந்ததால் வீடற்றவர்கள் என்று சொல்லலாம். எங்கிருந்தும் வராத பணியத் தாய்க்கும் அதே நிலைமைதான் என்பதை எங்கள் ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கெல்ஸ் வருகிறார். 1872-73-இல் அவர் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில், தொழிலாளிக்குச் சொந்த வீடு கொடுத்தால் எல்லாம் தீரும் என்ற அன்றைய சீர்திருத்தவாதிகளின் யோசனையைத் தாக்குகிறார். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடும், கூலியைக் குறைக்கும், பேரம் பேசும் வலுவைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். கிராமப்புற ஆலைகளைச் சுற்றி முதலாளிகளே கட்டிய வீடுகளைப் பற்றியும் அவருக்கு நன்றாகத் தெரியும். 1844-இல் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டுத் தூக்கி வெளியே போட்டதை, அடுத்த வருஷம் வந்த நூலில் அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு லயம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் என் அம்மா எங்கெல்ஸோடு சண்டைக்குப் போவாள். சொந்த வீடு விலங்கு என்கிறீர்கள், சொந்தமில்லாத வீட்டிலும் விலங்கு போட முடியும் என்பதை ஐந்து தலைமுறையாகப் பார்த்திருக்கிறோமே என்பாள். எங்கெல்ஸின் வாதம் இடம்பெயரும் தொழிலாளிக்குப் பொருந்தும். வேலை செய்யும் வயதைத் தாண்டிய பிறகு எங்கே போய்ப் பேரம் பேசுவது? அந்தக் கட்டுரைகளின் மையத்தில் நிற்கிற தொழிலாளிக்கு முதுமை வருவதில்லை என்று எனக்குப் படுகிறது. அவன் ஆணாக இருப்பதும் இதோடு தொடர்புடையது.

எங்கள் குடும்பம் பந்தலூருக்கு வந்தது 1970களில். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிட்டவர்கள் தலைகளைத்தான் எண்ணினார்கள். ஒரே காம்பராவில் இருந்த தாய் ஒரு பட்டியலிலும் மகன் இன்னொரு பட்டியலிலும் வந்தது எங்கள் லயத்திலேயே நடந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசு 1968-இல் வனத்துறை மூலம் தேயிலை நடத் தொடங்கியது. அது 1976-இலிருந்து தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்குகிறது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா என்று இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் அதன் பகுதிகள் உண்டு. வேறு பலர் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, மலை ஏறி வந்தவர்களுக்கு மறுபடியும் ஒரு வரிசை வீடு காத்திருந்தது. "கப்பல்ல வந்ததே காம்பரா மாறத்தானா" என்று அப்பா கேட்டதாகச் சொல்வார்கள்.

இந்திய அரசின் 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. வீடு இடிந்து விழுந்து யாராவது செத்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1981-இல் அதில் சேர்த்தார்கள். ஆனால் சட்டத்தில் 'குடும்பம்' என்றால் யார் என்று ஒரு வரையறை இருக்கிறது. 2010 வரை அந்த வரையறை சொன்னது: வாழ்க்கைத் துணை, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள், தொழிலாளி ஆணாக இருந்தால் மட்டும் அவனைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் உண்டு. பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் தாய், சட்டத்தின் பார்வையில் அவள் குடும்பத்தில் இல்லை.

இதை நான் முதலில் படித்தபோது ஏதோ பழைய காலத்துக் கவனக்குறைவு என்று நினைத்தேன். அப்படியில்லை. மகன் வீட்டில் தாய் இருப்பாள், மகள் வீட்டில் இருக்கமாட்டாள் என்ற சமவெளி விவசாயக் குடும்பத்தின் கருத்தியல், நவீன தொழிற்சட்டத்தின் ஓர் உட்பிரிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மகள் வீட்டுச் சோறு கௌரவக் குறைச்சல் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. தோட்டத்தின் எதார்த்தம் நேர் எதிரானது. கொழுந்து எடுப்பது பெண் வேலை. தோட்டத்துக்கு எப்போதும் ஆள் தேவைப்படுவது கொழுந்துக்குத்தான். ஆண்பிள்ளைகளின் வேலைகள், கவ்வாத்து, மருந்தடிப்பு, உரம் என்று குறைந்துகொண்டே போயின. பையன்கள் கோயமுத்தூர், திருப்பூர் என்று இறங்கினார்கள். ஆகவே பேர் நிலைப்பது மகளுக்கு. காம்பரா நிலைப்பதும் மகளால். மாப்பிள்ளை வந்து சேர்வான். சமவெளியில் வீட்டோட மாப்பிள்ளை என்று இளக்காரமாகச் சொல்வார்கள், லயத்தில் அதற்குத் தனிப்பெயரே தேவைப்படவில்லை. எங்கள் வரிசையில் இருந்த கிழவிகளில் அதிகம் பேர் மகளோடுதான் இருந்தார்கள். இதைப் பெண்ணுரிமை என்றோ தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்றோ யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்களே என்று எனக்குப் பயம். தேயிலைக்குப் பெண் விரல் வேண்டும், பெண் விரலோடு ஒரு காம்பரா வரும், காம்பராவோடு தாய் வருவாள். அவ்வளவுதான் அதன் உள்கட்டமைப்பு. சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்த தாய் மகனோடு வாழ்ந்தாள். கொழுந்துக்கூடை தூக்கிய தாய் மகளோடு வாழ்ந்தாள். இருவருக்கும் நடுவே வெகுகாலம் ஒரு வரையறை நின்றது.

2010-இல் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் வேறுபாடில்லாமல் பெற்றோரையும் குடும்பத்தில் சேர்த்தார்கள். அம்மாவின் பேர் வெட்டப்பட்டது 2008-இல் என்றேன். அந்த இரண்டு வருஷங்களில் ஆபீசில் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டி அவளை வெளியேற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நேர்ந்தது வேறு: தங்கச்சியின் பேர் நிரந்தரமாகும் வரையில், வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்றார்கள். பணிக்கொடை வந்தால்தான் வேறு வீடு பார்க்க முடியும் என்றாள் இவள். எட்டு மாசம் ஓடியது. மலைத்தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த வட்டம் புதிதல்ல.

நான் சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தது ஒன்று இருக்கிறது. தங்கச்சி பத்தாம் வகுப்பில் என்னைவிட நல்ல மார்க். அவளை மேலே படிக்கவைக்க நான் கோயமுத்தூரிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு அது பெண்பிள்ளையைப் படிக்கவிடாத பழைய மனோபாவம் என்று பட்டது. வீட்டில் பெரிய சண்டை. பெண்ணடிமை பற்றி நான் படித்திருந்ததையெல்லாம் இஸ்தோப்பில் நின்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ எறங்கிப் போய்ட்ட. அவளும் எறங்கிட்டா நான் எங்க படுக்கறது?" என்றாள். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் தற்காலிகப் பேரில் பெரட்டுக்களத்துக்குப் போனாள்.

துறையூர்ப் பக்கத்துக் கிழவி இரண்டாவது மகனைப் பண்ணையில் விட்டதற்கும் இதற்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. இடையில் காலனி போனது, இரண்டு நாடுகள் விடுதலை அடைந்தன, தொழிற்சட்டம் வந்தது, தொழிற்சங்கம் வந்தது, ஓட்டு வந்தது. தாய் செய்ய வேண்டியிருந்த கணக்கு மாறவில்லை: எந்தப் பிள்ளையை வெளியே விடுவது, எந்தப் பிள்ளையை வீட்டுக்கு ஈடாக வைப்பது. அவள் பாசமில்லாதவள் என்று சொல்ல வரவில்லை. பாசத்துக்கு வெளியே ஒரு பேரேடு இருந்தது, பாசம் அதன் வரிகளுக்குள் எழுதப்பட்டது என்கிறேன். அந்தச் சண்டையில் நான் சொன்ன வாதங்கள் எதிலும் பிழை கிடையாது. ஆனால் பேரேட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவற்றில் இல்லை. தங்கச்சி இன்றுவரை இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சமவெளியில் மனை முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. 1971-இல் வந்த குடியிருப்புதாரர் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையை உரிமையாக்கியது. நடைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு கேள்வி, தத்துவம் தெளிவாக இருந்தது: குடியிருந்தவருக்கு மனை. தோட்டத்து வீடோ தொழிற்சட்டத்தின் கீழ் வேலையோடு ஒட்டிய 'வசதி'யாகவே தங்கிவிட்டது. 1951-இன் சட்டத்தை 2020-இல் இயற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் தனக்குள் இழுத்துக்கொண்டபோதும் வீடு நலவசதிகளில் ஒன்றாகவே வந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்பதை 2024-இல் மாஞ்சோலையில் பார்த்தோம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. நாலு தலைமுறையாக அங்கே இருந்தவர்கள், எங்களுக்கு இதுதானே ஊர் என்றார்கள். பாடி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அங்கே நேருக்கு நேர் நின்றன.

அப்படியானால் பணிக்கொடையை வைத்து இங்கேயே இரண்டு சென்ட் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பார்கள். கூடலூர், பந்தலூர் நிலத்தின் கதை தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி. இங்கே நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலமாக இருந்தது. 1969-இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, வழக்குகள் வந்தன, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்கு அந்தச் சட்டம் போனது. 2007-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த கோயலோ தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய பெரும் தீர்ப்பாகப் படிக்கிறார்கள். அந்த வழக்கு எங்கள் ஊர் நிலத்தில் முளைத்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அத்தனை பெரிய தீர்ப்பு வந்தும், அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களில் வீடு கட்டியவர்கள் பட்டாவுக்கும் கரண்டுக்கும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். அதற்கு மேல் காடு, யானை வழி, வனச்சட்டம். எல்லாமே நியாயமான காரணங்கள்தான், காடும் வேண்டும். இருந்தாலும் இத்தனை நியாயங்களும் சேர்ந்து வந்து நிற்பது ஒரு கிழவியின் இரண்டு சென்ட்டில்.

போன மழைக்கு முன்னால் அம்மாவைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தேன். என்னோடு இருந்துவிடு என்றேன். நாலைந்து நாள் இருந்தாள். ஒருநாள் மேஜையில் கிடந்த வாடகை ஒப்பந்தத்தைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பதினோரு மாதம் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசிக்கச் சொன்னாளாம். ராத்திரி என்னிடம், "பதினொரு மாசமா? இதுல ஒன் பேரு மட்டுந்தான் போட்டிருக்கு, எங்க பேரெல்லாம் இல்லியே" என்றாள். வாடகை வீட்டில் எல்லார் பேரும் போடமாட்டார்கள் அம்மா என்றேன். "அப்ப இதும் லயந்தான்" என்றாள். மறுநாள் பஸ் ஏற்றிவிடச் சொன்னாள்.

இப்போது தங்கச்சி சேரம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறாள். இரண்டரை சென்ட், மேட்டு நிலம், தண்ணி கொஞ்சம் தூரம். பட்டா கிடையாது, கைச்சீட்டு எழுதித் தருகிறார்களாம். அவள் பணத்தோடு என் பணமும் சேர்ந்தால் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், முழங்கால் வலியோடு. சீட்டில் யார் பேர் எழுதுவது என்பதில் தங்கச்சியும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை. தன் பேரையும் சேர்க்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நிலம் விற்கிறவருக்கு முந்தி அங்கே யார் குடியிருந்தார்கள், ஏன் போனார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கணும் என்றும் சொல்லியிருக்கிறாள்.